உடம்பினுள் இயங்கும் நெம்புகோல்கள்

நீரிறைக்கும் இயந்திரங்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிற் பரவுமுன்னர், கிணற்று நீரைப் பயிருக்கு ஏற்றித் தந்தது துலாவே. ஆடுகாலின்மேற் பொருந்திய நீண்ட மரம். அதன் ஒரு முனையிலே கொடியும் பட்டையும். மரத்தின்மேல் முன்னும் பின்னுமாக நடக்கும் மனிதர். துலா மிதித்தவர் தமது நிறையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆடுகாலைக் கடந்து பின்னே சென்றபோது பட்டை நீருடன் மேலெழுந்தது. முன்னே வந்தபோது கிணற்றினுள் இறங்கிற்று. மாறியது ஆடுகாலிலிருந்து அவர் நின்ற தூரம் ஒன்றே.

நெம்புகோலின் விதி முழுவதும் அந்த நடையில் அடங்கியிருந்தது. கோல் எப்புள்ளியிலே தாங்கப்பட்டுச் சுழல்கின்றதோ அது சுழலிடம். செலுத்தப்படும் விசை எத்தனம். அதனால் வெல்லப்படுவது சுமை. சுழலிடத்துக்கும் எத்தனம் தாக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் எத்தனப் புயம். சுழலிடத்துக்கும் சுமை தாக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் சுமைப் புயம். எத்தனத்தை அதன் புயத்தாற் பெருக்கி வருவதும், சுமையை அதன் புயத்தாற் பெருக்கி வருவதும் சமனாயின் கோல் சமநிலையில் நிற்கும். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆக்கிமிடீசு இதனைக் கேத்திரகணித முறையில் நிறுவினார். துலாவிற் போலச் சுழலிடம் நடுவே அமையின் அது முதலாம் வகை. பாக்குவெட்டியிற் போலச் சுமை நடுவே அமையின் இரண்டாம் வகை. முள்ளெடுக்கும் சாமணத்திற் போல எத்தனம் நடுவே அமையின் மூன்றாம் வகை. மாணவர் இவ்வகைகளை மனனஞ் செய்து பரீட்சையில் ஒப்புவிப்பர். ஆயினும், எந்த வகை என்பதைக் காட்டிலும் எந்தப் புயம் நீண்டது என்பதே முதன்மையான வினா. உடம்பைப் பற்றிப் பேசும்போது இவ்வினா இன்னும் கூர்மை பெறுகின்றது.

வளர்ந்த மனிதனின் உடம்பிலே 206 என்புகள் உள. அவற்றுட் பல கோல்களாகத் தொழிற்படுகின்றன. என்போடு என்பு பொருந்தும் மூட்டுக்கள் சுழலிடங்கள். என்புகளைப் பற்றி நிற்கும் அறுநூறுக்கு மேற்பட்ட தசைகள் எத்தனத்தைத் தருகின்றன. தசைக்கு ஓர் இயல்பு உண்டு: அஃது இழுக்கவல்லது, தள்ளவல்லதன்று. கையை மடக்கும் தசை தானே அதனை நீட்டமாட்டாது. ஆகவேதான் மேற்கையின் முன்புறத்தில் இருதலைத் தசையும் பின்புறத்தில் முத்தலைத் தசையும் எதிரெதிராக அமைந்துள்ளன. ஒன்று சுருங்க மற்றையது நெகிழ்கின்றது. இன்னோர் இயல்பும் நினைவிற் கொள்ளற்பாலது. தசைநார் தன் நீளத்திற் பாதியளவுக்கு மேல் வலிமையோடு சுருங்க இயலாது. நடைமுறையில் அதனினும் குறைவாகவே சுருங்குகின்றது. ஆனால், குறுக்குவெட்டில் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள தசை ஏறத்தாழ 3 கிலோகிராம் நிறையைத் தாங்கும் அளவுக்கு இழுக்கவல்லது. சுருங்கக் கூறின், தசையிடம் விசை மிகுதி, அசைவு குறைவு.

இவ்வுண்மை நெடுங்காலம் தலைகீழாகவே விளங்கிக்கொள்ளப்பட்டிருந்தது. கடப்பாரையாற் பெருங்கல்லைப் பெயர்க்கும் மனிதனைப் போல, இயற்கையும் சிறு விசையாற் பெருஞ் சுமையை வெல்கின்றது என்றே முன்னையோர் எண்ணினர். இயற்கை சிக்கனமுடையது என்ற நம்பிக்கைக்கு அது பொருத்தமாயும் இருந்தது. இதனை மறுத்தவர் இத்தாலிய நாட்டுக் கணித அறிஞராகிய யோவன்னி அல்போன்சோ பொரெல்லி. 1608இல் நேப்பிள்ஸ் நகரிற் பிறந்த இவர் மெசினாவிலும் பீசாவிலும் கணிதம் கற்பித்தவர். விலங்குகளின் அசைவைப் பற்றி இவர் எழுதிய நூல், 1679இன் இறுதி நாளில் இவர் உரோமையில் இறந்தபின், 1680இலும் 1681இலும் இரு பாகங்களாக வெளிவந்தது. முடி துறந்து உரோமையில் வாழ்ந்த சுவீடன் நாட்டு அரசி கிறிஸ்தினாவின் ஆதரவு அந்நூலுக்கு இருந்தது. மூட்டுக்களைச் சுழலிடங்களாகவும் என்புகளைக் கோல்களாகவும் வரைந்து, ஒவ்வொன்றின் புயங்களையும் கணக்கிட்ட பொரெல்லி கண்ட முடிபு அக்காலத்தவரைத் திடுக்கிடச் செய்திருக்கும். தசை தான் தூக்கும் சுமையிலும் குறைந்த விசையையன்று, பன்மடங்கு கூடிய விசையையே செலுத்துகின்றது என்பதே அம்முடிபு.

முழங்கையை எடுத்துக்கொள்க. மேற்கை தொங்க, முன்கை கிடையாக நீண்டு, உள்ளங்கையில் 5 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பொருள் இருக்கின்றது எனக் கொள்வோம். மூட்டிலிருந்து உள்ளங்கை 35 சென்ரிமீற்றர் தொலைவில் உள்ளது. முன்கையும் கையுமாக 1.5 கிலோகிராம் நிறை. அதன் புவியீர்ப்பு மையம் மூட்டிலிருந்து 15 சென்ரிமீற்றர் தொலைவில் உள்ளது. இருதலைத் தசையின் நாணோ மூட்டிலிருந்து 5 சென்ரிமீற்றர் அளவிலேயே ஆரையென்பைப் பற்றுகின்றது. சுமையின் திருப்பம் 175; முன்கையின் திருப்பம் 22.5, இரண்டுஞ் சேர 197.5. இதனை 5ஆல் வகுக்க, தசை செலுத்தவேண்டிய இழுவை ஏறக்குறைய 40 கிலோகிராம் நிறைக்குச் சமன். கையில் இருப்பது ஐந்து. தசை இழுப்பது நாற்பது. இக்கணக்கு இத்துடன் முடியவில்லை. தசை மேல்நோக்கி 40 இழுக்க, சுமையும் முன்கையும் சேர்ந்து கீழ்நோக்கி 6.5 மட்டுமே இழுக்கின்றன. எஞ்சிய 33க்கு மேற்பட்ட விசை எங்கே போயிற்று? மேற்கையென்பின் கீழ்முனை அதனைத் தாங்கி நிற்கின்றது. சுமை தூக்குபவர் உணர்வது சுமையை. மூட்டு சுமப்பது தசையின் இழுவையை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிந்தவர்க்கே உடம்பின் பொறிமுறை விளங்கும்.

இத்தகைய நட்டமுள்ள ஏற்பாடு ஏன் அமைந்தது? தசை ஒரு சென்ரிமீற்றர் சுருங்கினால் உள்ளங்கை ஏழு சென்ரிமீற்றர் உயர்கின்றது. அதே நேரத்தில் ஏழு மடங்கு வேகமாகவும் உயர்கின்றது. விசையில் இழந்ததைத் தூரத்திலும் வேகத்திலும் ஈடுசெய்யும் வாணிபம் இது. பந்தெறிபவனின் கையில் பந்து பாயும் வேகம் எந்தத் தசையும் நேரே சுருங்கி அடையக்கூடிய வேகமன்று. மாறாக, இருதலைத் தசையின் நாண் மணிக்கட்டின் அருகே பற்றியிருப்பின் எப்படியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் பயனுடையது. 5 கிலோகிராமுக்கு 8 கிலோகிராம் அளவு இழுவையே போதியதாயிருக்கும். ஆனால், கையை மடக்குந்தோறும் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே வெளவாற் சிறகு போலத் தசை விரிந்து நிற்கும். முழு மடக்கத்துக்குத் தசை தன்னாலியலாத அளவு சுருங்கவேண்டிவரும். உணவுக் கவளம் வாயை வந்தடையாது.

எல்லா விலங்குகளும் இந்த வாணிபத்தை ஒரே விலைக்குச் செய்யவில்லை. முழங்கையின் பின்னே நீட்டி நிற்கும் என்பு முனையை முத்தலைத் தசை பற்றியிழுத்துக் கையை நீட்டுகின்றது. சுழலிடம் நடுவே இருப்பதால் இது முதலாம் வகை நெம்புகோல். ஆயினும், மனிதனில் அம்முனை குறுகியது. எனவே விசை நட்டமே. கறையான் புற்றுக்களையும் வன்மையான நிலத்தையும் கிண்டி வாழும் அழுங்கிலே அம்முனை நீண்டு தடித்துள்ளது. அதன் முன்கால் வேகத்தை விட்டுக்கொடுத்து வலிமையை வாங்கியிருக்கின்றது. குதிரையிலோ, அத்தசை பற்றும் முனைக்குக் கீழே கால் மிக நீண்டு செல்கின்றது. அங்கே வலிமை விற்கப்பட்டு வேகம் வாங்கப்பட்டுள்ளது. ஓர் என்பை மட்டும் கையிற் கொண்டே, அதற்குரிய விலங்கு ஓடியதா, தோண்டியதா என்று ஆராய்ச்சியாளர் கூறுவது இந்த விகிதத்தைக் கொண்டேயாம்.

தலையும் முதலாம் வகையைச் சேர்ந்ததே. 5 கிலோகிராம் அளவு நிறையுள்ள தலை கழுத்தின் மேல் முள்ளென்பில் இருக்கின்றது. அதன் புவியீர்ப்பு மையம் மூட்டுக்குச் சற்று முன்னே விழுவதால், பிடரித் தசைகள் ஓயாது பின்னே இழுத்துக்கொண்டிருக்கின்றன. பிற்பகற் பாடவேளையிலே உறக்கம் மிகுந்த மாணவனின் தலை பின்னே சாயாது முன்னே விழுவதற்குக் காரணம் இதுவே. உறக்கம் பிடரித் தசையை நெகிழ்த்துகின்றது. எஞ்சியதை நெம்புகோல் பார்த்துக்கொள்கின்றது. மடியிலுள்ள புத்தகத்தையோ கைத்தொலைபேசியையோ நெடுநேரம் குனிந்து நோக்குபவரில் இந்தச் சுமைப் புயம் பன்மடங்கு நீள்கின்றது.

இனி, பாடநூல்கள் பலவற்றிலே குழப்பத்துக்கு இடமாகும் ஒன்றைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். இரண்டாம் வகை நெம்புகோலுக்கு உடம்பிலே எடுத்துக்காட்டு யாது என்று வினவின், பெருவிரலடியில் ஊன்றிக் குதிகாலை உயர்த்தி நிற்றலே விடையாகத் தரப்படும். விரலடி சுழலிடம், கணுக்கால் வழியே உடம்பின் நிறை நடுவே இறங்குகின்றது, கெண்டைக்கால் தசை குதிநாண் வழியாகக் குதிகாலை மேலிழுக்கின்றது. இவ்வளவும் சரி. இதன்பின் வருவதே பிழை. இரண்டாம் வகையில் எத்தனப் புயம் நீண்டதாதலின், உடம்பின் நிறையிலும் குறைந்த விசையே போதும் என்று முடிவுகட்டிவிடுவர். 60 கிலோகிராம் நிறையுள்ளவர் ஒற்றைக் காலில் அவ்வாறு நிற்கின்றார் எனவும், விரலடியிலிருந்து கணுக்கால் 12, குதிநாண் 17 சென்ரிமீற்றர் எனவும் கொண்டால், 60ஐ 12ஆற் பெருக்கி 17ஆல் வகுக்க 42 வரும். ஆயின், நாற்பத்திரண்டு கிலோகிராம் இழுவையால் அவர் ஒருபோதும் எழமாட்டார்.

தவறு எங்கே உள்ளது? குதிகாலை மேலிழுக்கும் தசையின் மறுமுனை வானத்திற் கட்டப்படவில்லை. முழங்காலின் அருகே, அதே உடம்பிலேயே கட்டப்பட்டிருக்கின்றது. குதிகாலை எவ்வளவு மேலே இழுக்கின்றதோ அவ்வளவு விசையோடு காலைக் கீழே கணுக்கால் மீது அழுத்துகின்றது. பலகையொன்றின்மேல் நின்றுகொண்டு, அப்பலகையின் ஒரு முனையைத் தன் கையாலேயே தூக்க முயல்பவனை எண்ணுக. அவன் தூக்கத் தூக்க, அவனுடைய பாதங்கள் பலகையை மேலும் அழுத்துகின்றன. எனவே, கணுக்காலிலுள்ள சுமை 60 அன்று. 60உம் தசையின் இழுவையும் சேர்ந்தது. இழுவையை ஒரு கணியமாகக் கொண்டு எழுதினால், அதன் 17 மடங்கு, 60உம் அதுவும் சேர்ந்த தொகையின் 12 மடங்குக்குச் சமன். அதாவது இழுவையின் 5 மடங்கு 720, இழுவை 144. இனிக் கணுக்காலையே சுழலிடமாகக் கொண்டு வேறு வழியிற் பார்க்க. நிலம் 60 கிலோகிராமால் விரலடியை மேலே தள்ளுகின்றது. அதன் புயம் 12. குதிநாணின் புயம் 5. 720ஐ 5ஆல் வகுக்க அதே 144. ஆகவே, இதனை இரண்டாம் வகை என்பாரும் முதலாம் வகை என்பாரும் வீணே வழக்காடுகின்றனர். சுமையைச் சரியாக எண்ணினால் இருவரும் ஒரே விடையைப் பெறுவர். உடம்பின் நிறையைப் போல் இரண்டரை மடங்கு அளவான இழுவையை அந்த நாண் தாங்குகின்றது. கணுக்கால் மூட்டு தாங்குவது 204 கிலோகிராம். ஓடும்போதும் பாயும்போதும் இத்தொகைகள் இன்னும் பெருகும். உடம்பின் மிகத் தடித்த நாணாகக் குதிநாண் அமைந்தது தற்செயலன்று.

புயத்தின் நீளத்தை மதிக்காமையால் மருத்துவ உலகமும் ஒருமுறை இடறியது. முழங்காலின் முன்னே தொடைத் தசையின் நாணுக்குள் பதிந்திருக்கும் சில்லென்பு, நாணை மூட்டிலிருந்து முன்னே தள்ளி நிறுத்துகின்றது. அதனால் எத்தனப் புயம் நீள்கின்றது. 1937இல் பிரித்தானிய அறுவை மருத்துவரான புறூக் என்பவர், இச்சில்லு பயனற்ற எச்சமே என்றும், அதனை நீக்கினால் முழங்கால் குறைவின்றி இயங்கும் என்றும் வாதிட்டார். அதன் பின்னர் உடைந்த சில்லை முற்றாக எடுத்துவிடும் வழக்கம் பரவிற்று. எடுக்கப்பட்டவர் பலருக்குக் காலை நீட்டும் வலிமை குன்றியது, படியேறுதல் இடராயிற்று. 1971இல் கௌஃபர் என்ற அமெரிக்க மருத்துவர் அளந்து காட்டியபடி, கால் முழுதாக நீளும் நிலையில் நீட்டும் திருப்பத்தின் ஏறக்குறைய 30 வீதம் சில்லின் உதவியாற் கிடைப்பது. இன்று இயன்றவரை சில்லைக் காப்பதே அறுவை மருத்துவரின் நோக்கம். உள்ளங்கையிலும் சிறிய அவ்வென்பின் பயனைக் கண்டறிய, அதனை இழந்தவர்களின் கால்கள் தேவைப்பட்டன.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பு ஒற்றைக் காலில் நிற்கின்றது. அப்பொழுது இடுப்பு மூட்டிலே நிகழ்வதை ஜேர்மனிய மருத்துவர் பிறீட்றிக் பௌவெல்ஸ் 1935இல் வெளியிட்ட ஆய்வில் நெம்புகோல் விதிகொண்டு விளக்கினார். மீண்டும் 60 கிலோகிராம் மனிதரையே கொள்வோம். ஊன்றிய காலை நீக்க, எஞ்சிய 50 கிலோகிராம் அந்த இடுப்பு மூட்டின்மேற் சமப்பட வேண்டும். அந்நிறையின் மையம் உடம்பின் நடுப்பக்கமாக 10 சென்ரிமீற்றர் தள்ளி விழுகின்றது. இடுப்பு மறுபக்கஞ் சரிந்துவிடாமற் காக்கும் புறத்தசைகளின் புயம் 5 சென்ரிமீற்றரே. எனவே, அவை 100 கிலோகிராம் இழுக்க, மூட்டின்மேல் விழுவது 150. உடம்பின் முழு நிறையைப் போல் இரண்டரை மடங்கு. ஒரு நாளிற் பல்லாயிரம் முறை இது நிகழ்கின்றது. மூட்டினுள் என்பு முனைகளைப் போர்த்திய கசியிழையமும், அதனை நனைக்கும் பாய்பொருளும், பனிக்கட்டியின்மேற் பனிக்கட்டி வழுக்குவதிலும் குறைந்த உராய்வோடு அசைவை நிகழவிடுகின்றன. ஆனால், கசியிழையத்திலே குருதிக் கலன்களும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகையால் அது தேய்ந்தால் எளிதிற் சீர்ப்படுவதில்லை. தேயத் தொடங்கும்போது வலித்து அறிவிப்பதுமில்லை.

அறிவித்தபின் செய்யக்கூடியது யாது? கைத்தடி. அதனை எக்கையிற் பிடிப்பது என்பதிலேதான் பலர் தவறுகின்றனர். நோவுள்ள காலின் பக்கத்துக் கையிலே பிடிப்பதே இயல்பாகத் தோன்றும். வீதியிற் செல்லும் முதியவர் பலரும் அவ்வாறே பிடிக்கின்றனர். நெம்புகோல் கூறுவது வேறு. வலது இடுப்பு நோவுடையதாயின் தடி இடக்கையில் இருத்தல் வேண்டும். அங்கே தடி நிலத்தை 6 கிலோகிராம் விசையோடு மட்டும் அழுத்துகின்றது எனக் கொள்க. வலது இடுப்பு மூட்டிலிருந்து அதன் தூரம் 45 சென்ரிமீற்றர். நிறையின் திருப்பமாகிய 500இலிருந்து தடியின் திருப்பமாகிய 270ஐக் கழிக்க, எஞ்சுவது 230. தசை இழுக்கவேண்டியது 100 அன்று, 46 மட்டுமே. மூட்டின் சுமை 150இலிருந்து 90ஆகக் குறைகின்றது. ஆறு கிலோகிராம் கொடுத்து அறுபது பெறும் இவ்வாணிபத்தில், துலா மிதித்தவரின் உத்தியே உள்ளது: சிறு விசை, நீண்ட புயம். தடியை நோவுள்ள பக்கத்திலேயே பிடித்தாலோ, அஃது ஆடுகாலின் தவறான பக்கத்தில் ஏறி நின்றவனைப் போல், இடுப்பை மறுபக்கஞ் சரிக்கவே முயல்கின்றது. உடம்பை அதன்மேற் சாய்த்தால் மாத்திரமே அதனாற் சிறிது பயன் உண்டு. இது தாளிற் போட்ட கணக்கு. செயற்கை இடுப்பு மூட்டினுள் அளவுகருவி பொருத்தி எடுத்த அளவீடுகள் இதனிலும் குறைந்த பயனையே காட்டின. ஆயினும், பயன் உண்டு என்பதையும் காட்டின. அமெரிக்க மருத்துவர் உவால்ற்றர் புளவுன்ற் 1956இல் எழுதிய கட்டுரைக்குத் தடியை எறிந்துவிட வேண்டாம் என்ற பொருளிலேயே தலைப்பிட்டார். தடியை முதுமையின் அடையாளம் என நாணி ஒதுக்கியவர்களை நோக்கிய சொல் அது.

இந்நெம்புகோல்களுள் மிகக் கடுமையாக உழைப்பது முதுகாகும். முள்ளந்தண்டின் அடியிலே, இடுப்புக்குச் சற்று மேலுள்ள முள்ளென்பிடைத் தட்டைச் சுழலிடமாகக் கொள்ளலாம். அதன் பின்னே செல்லும் நிமிர்த்தும் தசைகளின் புயம் 5 சென்ரிமீற்றர் அளவினது. குனிபவரின் தலையும் கைகளும் மார்பும் சேர்ந்து 36 கிலோகிராம் எனவும், அவற்றின் மையம் 25 சென்ரிமீற்றர் முன்னே உள்ளது எனவும் கொண்டால், திருப்பம் 900. தசையின் இழுவை 180. இது நிலத்தில் விழுந்த ஊசியொன்றை எடுக்கக் குனிந்தவரின் கணக்கு! ஊசிக்குப் பதிலாக 20 கிலோகிராம் அரிசிப் பையை 40 சென்ரிமீற்றர் முன்னே தூக்கினால் திருப்பம் 1700, இழுவை 340. அதே பையை உடம்போடு அணைத்து, நிமிர்ந்த முதுகோடு தூக்கும்போது, உடம்பின் புயம் 10ஆகவும் பையின் புயம் 20ஆகவும் குறையுமாயின், திருப்பம் 760, இழுவை 152. பை குறையவில்லை, தூரம் குறைந்தது.

இவை வெறுங் கணக்குகள் என எவரேனும் ஐயுறின், அளந்து பார்த்தவர்களும் உளர். சுவீடன் நாட்டு மருத்துவர் அல்ஃப் நாக்கெம்சன் 1960களில், உயிருள்ளவர்களின் முள்ளென்பிடைத் தட்டினுள்ளே ஊசியைச் செலுத்தி அமுக்கத்தை அளந்தார். 1999இல் ஜேர்மனியின் உல்ம் நகரிலே வில்க்கேயும் அவருடைய குழுவினரும், தாமாக முன்வந்த ஒருவரின் தட்டினுள் நுண்ணிய அளவுகருவியை வைத்து, அவருடைய அன்றாட அசைவுகள் பலவற்றின்போது அமுக்கத்தைப் பதிந்தனர். படுத்திருக்கையில் 0.1 மெகாபஸ்கால், நேரே நிற்கையில் 0.5, 20 கிலோகிராம் நிறையை முதுகு வளைத்துக் குனிந்து தூக்கியபோது 2.3. இறுதியாகக் கூறியது மோட்டார் வண்டிச் சில்லினுள் இருக்கும் காற்றின் அமுக்கத்தைப் போல் ஏறக்குறைய பத்து மடங்கு. அதே நிறையை முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7, உடம்போடு அணைத்து வைத்திருந்தபோது 1.1. அளக்கப்பட்டவர் ஒருவரே என்பதை மறத்தலாகாது. எனினும், எண்களின் வரிசை நெம்புகோற் கணக்கின் வரிசையே.

முழங்காலை மடக்கித் தூக்குக என்று பாடசாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் கற்பிக்கப்படுகின்றது. இவ்வாறு கற்பித்ததனால் மாத்திரம் முதுகு நோவு குறைந்தது என்பதற்கு ஆய்வுகள் வலுவான சான்று தரவில்லை. முதுகு நோவுக்குக் காரணங்கள் பல என்பது ஒன்று. அறிவுரையைச் சொற்படி கொண்டு, அதன் காரணத்தை விட்டுவிடுதல் மற்றொன்று. முழங்காலை மடக்குவது சுமையை உடம்புக்கு அணித்தாகக் கொண்டுவருவதற்கே. சுமை சிறிதாயின், அது முழங்கால்களுக்கிடையே அடங்கி வயிற்றருகே வந்துவிடும். அகன்ற பெட்டியோ பருத்த மூட்டையோ ஆயின், மடங்கிய முழங்கால்கள் முன்னே நீட்டி நின்று அதனை உடம்பிலிருந்து இன்னும் அப்பால் தள்ளிவிடும். அப்பொழுது சுமைப் புயம் குனிந்து தூக்குவதிலும் நீண்டதாகவே முடியலாம். அத்தகைய மூட்டைக்கு வேண்டியது முழங்கால் மடக்கமன்று. மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர்.